மாஸ்க்கில் தண்ணீர், வால்வில் உஸ்ஸ்: ஸ்கூபா கிட் கோளாறுகளை மொட்டைமாடி டிரம்மிலேயே கண்டுபிடிப்பது

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு நீல டிரம் இருக்கிறது. இருநூறு லிட்டர் பிடிக்கும். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளில் நிரப்பி வைப்போம். கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் என் ரெகுலேட்டர் முதலில் இறங்குவது அந்த டிரம்மில்தான்.

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் சின்ன வயதிலிருந்தே கடலில் விழுந்து எழுந்த பையன்கள் சிலர் இப்போது டைவிங் கோர்ஸ் முடித்துவிட்டு, கோவளத்துக்கும் புதுச்சேரிக்கும் போய் டைவ் அடிக்கிறார்கள். நாலு டைவ் முடிந்ததும் சொந்தக் கிட் ஆசை வந்துவிடும். "அண்ணே, எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போன டைவ்ல எது உனக்குத் தொந்தரவு குடுத்துச்சு?" உங்கள் கிட்டை அந்தத் தொந்தரவிலிருந்துதான் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும். வாடகைக் கிட்டில் வரும் ஒவ்வொரு கோளாறும் உங்கள் முகம், முதுகு, கால் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. அதனால் இதைக் கோளாறு வாரியாகவே எழுதுகிறேன்.

இது பயிற்சி முடித்தவர்களுக்கு. கோர்ஸ் செய்யாமல் இதைப் படித்துவிட்டுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்காதீர்கள். இன்னொன்று, ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜையோ (சிலிண்டரில் மாட்டும் பகுதி) சிலிண்டர் வால்வையோ வீட்டில் யாரும் கழற்றக் கூடாது. எவ்வளவு நல்ல லேத் மெக்கானிக்காக இருந்தாலும் சரி. அது அந்தக் கம்பெனி சாமானுக்குப் பயிற்சி எடுத்த டெக்னீஷியன் வேலை.

மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது

தண்ணீர் வந்ததும் எல்லோரும் செய்வது ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குவது. அதில்தான் கோளாறு கூடுகிறது. இறுக்கினால் சிலிகான் விளிம்பு மடிந்து, கன்னத்தில் ஒரு வாய்க்கால் உண்டாகிவிடும். கீழே போகப் போகத் தண்ணீரின் அழுத்தமே மாஸ்க்கை முகத்தோடு ஒட்டவைக்கும். மாஸ்க் நழுவாமல் நிற்க உதவினால் போதும், ஸ்ட்ராப்பின் வேலை அவ்வளவுதான்.

முதலில் எந்தப் பக்கம் நுழைகிறது என்று கவனியுங்கள். நெற்றிப் பக்கமோ காதோரப் பொட்டுப் பக்கமோ என்றால் முடி சிக்கியிருக்கும். விரலால் முடியை ஒதுக்கிவிட்டு ஸ்ட்ராப்பை ஒரு பல் தளர்த்துங்கள். மூக்குக்குக் கீழே என்றால் பெரும்பாலும் மீசைதான். மீசையை எடுக்க மனம் வராது, எனக்கும் வரவில்லை. மூக்குத் துவாரத்துக்கு நேர்கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டையாக மட்டும் மழித்துவிட்டால் விளிம்பு உட்கார இடம் கிடைத்துவிடும். அப்படியும் கசிந்தால் சிலிகான் கிரீஸை மெலிதாகத் தடவலாம். வாஸலின் வேண்டாம், அது நாளடைவில் சிலிகானைக் கெடுத்துவிடும்.

இரண்டும் இல்லை, ஆனாலும் வருகிறது என்றால் அந்த மாஸ்க் உங்கள் முகத்துக்கானது இல்லை. கடையில் வாங்கும்போது இப்படிப் பாருங்கள். தலையை அண்ணாந்து, ஸ்ட்ராப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் சும்மா வையுங்கள். கூட வந்தவர் விளிம்பைச் சுற்றி எங்கேயாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கட்டும். பிறகு மூக்கால் மெல்ல, மிக மெல்ல இழுத்தால் மாஸ்க் ஒட்டி நிற்க வேண்டும். பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டும், அதை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. வாயில் ஒரு மவுத்பீஸைக் கவ்விக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். வாய் அகலும்போது மேலுதடும் கன்னமும் வேறு வடிவத்துக்கு மாறும், கசிவு அப்போதுதான் தெரியும்.

பர்மா பஜாரில் விலை மலிவாக மாஸ்க் தொங்கும். கண்ணாடியில் "டெம்பர்டு" என்று பொறித்திருக்கிறதா, விளிம்பு சிலிகானா அல்லது விறைப்பான பிவிசியா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் இருக்கிறதே, அது மேல்மட்டத்தில் நீந்துவதற்கு மட்டும். நீச்சல் கண்ணாடியும் ஆகாது. மூக்கு உள்ளே இல்லாவிட்டால் அழுத்தத்தைச் சமன் செய்ய வழியில்லை, கண்ணில் ரத்தம் கட்டிவிடும். கண் பவர் உள்ளவர்களுக்குப் பவர் லென்ஸ் போட்ட மாஸ்க் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடியை உள்ளே போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதன் காது வழியாகவே தண்ணீர் வரும்.

பனி மூடினால் சிகிச்சை சின்னது. புது மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் தொழிற்சாலையிலிருந்தே ஒரு மெல்லிய படலத்தோடு வரும். வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து நாலைந்து முறை தேய்த்துக் கழுவுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு டைவுக்கு முன்னும் கொஞ்சம் எச்சில் போதும்.

சிலிண்டரைத் திறந்ததும் உஸ்ஸ் என்று சத்தம்

படகில் அதிகமாகக் கேட்கும் கோளாறு இதுதான். கேட்டவுடன், ரெகுலேட்டரைச் சிலிண்டர் வால்வோடு கவ்விப் பிடிக்கும் யோக் என்ற பிடியின் திருகை இன்னும் இறுக்குவார்கள். விரலால் இறுக்கியது போதவில்லை என்றால் பலத்தால் சரியாகாது. வால்வை மூடுங்கள், மவுத்பீஸின் முன்பக்கம் இருக்கும் பர்ஜ் பட்டனை அழுத்தி ஹோஸில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள், ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். இப்போது வால்வின் முகத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கறுப்பு ரப்பர் வளையம் குழியில் உட்கார்ந்திருக்கும். அதுதான் ஓ-ரிங். நகக்கீறல் மாதிரி ஒரு கோடு, ஓரத்தில் பிய்ந்த ஒரு துணுக்கு, அல்லது ஒரே ஒரு மணல். இருநூறு பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காற்றுக்கு அந்த ஒரு மணல் போதும் வழி விட.

யோக் வகை வால்வுக்கு வரும் ஓ-ரிங்கின் அளவு எண் 014. மண்ணடியில் ஓ-ரிங் விற்கும் கடைகளில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். எண்ணோடு "ஷோர் 90" என்று கடினத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாதாரணக் குழாய் வேலைக்கு வரும் 70 கடினம் மெத்தென்று இருக்கும், அழுத்தத்தில் பிதுங்கிவிடும். பத்து வளையம் வாங்கி ஒரு பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டுக் கிட் பையில் வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. பழையதை எடுக்க ஊசியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், குழியில் கீறல் விழுந்தால் வால்வே போய்விடும். மழுங்கலான பித்தளைக் கொக்கி அல்லது பிளாஸ்டிக் குச்சி போதும்.

ஓ-ரிங் நன்றாக இருந்தும் சத்தம் வந்தால் டிரம்முக்குப் போங்கள். சாதாரண அலுமினிய சிலிண்டரை டிரம்முக்குள் நிமிர்த்தி நிறுத்தினால் வால்வுக்கு மேலேயும் தண்ணீர் நிற்கும். காற்றைத் திறந்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். பிறகு குமிழி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

யோக்குக்கும் வால்வுக்கும் நடுவிலிருந்து என்றால் மேலே சொன்ன வளையம்தான். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஹோஸ் போய்ச் சேரும் இடத்திலிருந்து என்றால் ஹோஸ் தளர்ந்திருக்கும் அல்லது அங்குள்ள ஓ-ரிங் தேய்ந்திருக்கும். பிரஷர் கேஜின் கழுத்திலிருந்து பாசிமணி கோத்தது மாதிரி பொடிக் குமிழி வந்தால், உள்ளே இருக்கும் ஸ்பூல் என்ற சின்னக் குழாயின் இரண்டு வளையங்களில் ஒன்று தேய்ந்துவிட்டது. மலிவான பாகம்தான், டெக்னீஷியனிடம் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் உடனே மாற்றச் சொல்லுங்கள். ஹோஸின் நடு உடம்பிலிருந்து குமிழி என்றால் அந்த ஹோஸைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். டேப் சுற்றிப் பார்க்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். கூடவே கூடாது.

வாங்கும்போது யோக்கா டின்னா (DIN) என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. டின் வகையில் ரெகுலேட்டர் வால்வுக்குள் மரையாகத் திருகி இறங்கும், ஓ-ரிங் உள்ளே அடைபட்டு நிற்கும். அதனால் எங்காவது இடித்தாலும் எளிதில் பிதுங்காது. என் மனசுக்கு டின்தான் பிடிக்கும். ஆனால் நீங்கள் வழக்கமாக டைவ் அடிக்கும் இடத்தில் என்ன வால்வு வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள். டின் ரெகுலேட்டரை யோக் வால்வில் மாட்ட அடாப்டர் உண்டு.

மவுத்பீஸ் வழியாகக் காற்று கொட்டுகிறது

வாயிலிருந்து எடுத்ததும் கொட்டினால் பயப்பட வேண்டாம். மவுத்பீஸை வானம் பார்த்து வைத்திருப்பீர்கள். கீழ்நோக்கித் திருப்புங்கள், நின்றுவிடும். செகண்ட் ஸ்டேஜ் (வாயில் கவ்வும் பகுதி) பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருந்தால் அதை டைவுக்கு முந்தைய நிலைக்குத் தள்ளி வையுங்கள்.

ஆனால் யாரும் தொடாமலேயே, மாட்டிக் கொஞ்ச நேரம் கழித்துக் கசிய ஆரம்பித்தால் விஷயம் வேறு. என் முதல் சொந்த ரெகுலேட்டர் செகண்ட் ஹேண்ட். விற்றவர் என் கண்ணெதிரே மாட்டிக் காட்டினார், நாலு மூச்சு இழுத்தேன், நன்றாக இருந்தது, காசு கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரி டிரம்மில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது செகண்ட் ஸ்டேஜிலிருந்து ஒவ்வொரு குமிழியாக மேலே வந்துகொண்டிருந்தது. வால்வை மூடித் திறந்தால் நின்றுவிடும், சில நிமிடம் கழித்து மறுபடி ஆரம்பிக்கும்.

காரணம் இது. சிலிண்டரின் 200 பார் காற்றை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சுற்றுப்புற அழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் கூடுதலாக இருக்கும் அளவுக்குக் குறைத்து, அங்கேயே நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் சீட் என்ற அடைப்பான் தேய்ந்துவிட்டால் நிற்காது. 10, 11, 12 என்று மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் செகண்ட் ஸ்டேஜ் தாங்காமல் வழியவிடும். நாலு மூச்சில் இது தெரியாது, காத்திருந்தால்தான் தெரியும். அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் மாட்டிவிட்டுப் பத்து நிமிடம் மூச்சு இழுக்காமல் உட்கார்ந்திருங்கள். விற்பவர் அவசரப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சர்வீஸ் செலவையும் சேர்த்துத்தான் அது மலிவா இல்லையா என்று கணக்குப் போட வேண்டும்.

மேலே மூச்சு நன்றாக வருகிறது, கீழே போனால் இழுக்கிறது

மேல்மட்டத்தில் கேஜைப் பார்த்துக்கொண்டே பலமாக நாலு மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் குதித்து இறங்கி ஏறினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை. இருபது மீட்டரில் அழுத்தம் 3 பார், அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இழுப்பதைவிட மூன்று மடங்கு காற்று வேண்டும். பாதி திறந்த வால்வு மேலே போதும், கீழே போதாது.

திறந்தபின் கால் திருகு பின்னால் திருப்பும் பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பாதி மூடியிருந்த வால்வைத் திறப்பதாக நினைத்து மூடிவிட்டு, கால் திருகு மட்டும் திறந்து அனுப்பும் ஆபத்து அதில் இருக்கிறது. முழுக்கத் திற, அப்படியே விடு.

முள் ஆடவில்லை, ஆனாலும் இழுக்கிறது என்றால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில் இருக்கும் சின்ன உலோக வடிகட்டியைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. சர்வீஸுக்குக் கொடுங்கள்.

இதோடு ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். "படகில் 200 காட்டியது, குதித்ததும் 190 ஆகிவிட்டது, எங்கேயோ லீக்" என்பார்கள். லீக் இல்லை. வெயிலில் கிடந்து 45 டிகிரிக்குச் சூடான சிலிண்டர் 28 டிகிரித் தண்ணீரில் குளிர்ந்தால் அழுத்தம் அந்த அளவுக்குத்தான் இறங்கும். சிலிண்டரை ஒரு ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

இறங்க மறுக்கிறது, அல்லது முடிவில் மேலே தூக்குகிறது

முதல் இரண்டு டைவுக்கு இடுப்பில் கட்டிய ஈய எடை எவ்வளவோ, பிறகும் அதே எடைதான் என்று ஆகிவிடுகிறது. சூட் மாறினால், சிலிண்டர் மாறினால், நீச்சல் குளத்திலிருந்து கடலுக்குப் போனால் எடையும் மாற வேண்டும். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி. நீங்களும் உங்கள் கிட்டும் சேர்ந்து நூறு கிலோ என்றால், குளத்தில் சரியாக இருந்த எடையோடு இன்னும் இரண்டரை கிலோ ஈயம் வேண்டியிருக்கும்.

காற்றுக்கும் எடை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதாரண அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பாரில் உள்ளே 2,200 லிட்டர் காற்று, அதாவது சுமார் 2.6 கிலோ. அதில் முக்கால்வாசியைச் சுவாசித்துவிட்டால் இரண்டு கிலோ இலகுவாகிவிடுவீர்கள். ஆரம்பத்தில் சரியாக இருந்தவர், முடிவில் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க முடியாமல் பலூன் மாதிரி மேலே போவது இதனால்தான்.

அதனால் எடையைச் சோதிப்பது டைவின் முடிவில், சிலிண்டரில் 40, 50 பார் இருக்கும்போது. பிசிடியிலிருந்து (சிலிண்டரைத் தாங்கும், காற்று நிரப்பி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேலங்கி) காற்றை முழுக்க விடுங்கள், நிமிர்ந்து நில்லுங்கள், சாதாரணமாக ஒரு மூச்சைப் பிடியுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தீர்களானால் கிடைத்த எடையோடு இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணைச் சூட், சிலிண்டர், கடலா குளமா என்ற விவரத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கிட்டிலேயே மதிப்பு மிக்க பக்கம் அதுதான்.

காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு தாராளமாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். எடை எடைதான். ஆனால் அதைப் பையில் போட்டுத் தைத்துவிடாதீர்கள். ஆபத்தில் ஒரே கையால், ஒரே இழுப்பில் கழன்று விழ வேண்டும்.

கால் மட்டும் கீழே தொங்கி மண்ணைக் கிளறுகிறது என்றால் எடையைக் குறைக்கக் கூடாது, இடம் மாற்ற வேண்டும். நம் பக்கத்துக் கடலடி பல இடங்களில் பொடி மணலும் சேறும். ஒரு உதை, பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. இடுப்பு எடையில் ஒரு பகுதியைச் சிலிண்டர் பட்டையின் மேல்பக்கம் மாற்றுங்கள், அல்லது சிலிண்டரை நாலு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டுங்கள். தலை கீழே இழுத்தால் இதற்கு நேர்மாறு.

சிலிண்டர் பட்டையிலிருந்து நழுவுகிறது

பட்டையை நனைக்காமல் கட்டியிருக்கிறீர்கள். அந்த நாடா ஈரம் பட்டால் கொஞ்சம் தளரும். டிரம்மில் முக்கிய பிறகு கட்டுங்கள். கட்டியதும் பிசிடியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக் குலுக்குங்கள். அசைந்தால் மறுபடி. வால்வின் ஓ-ரிங் முகம் உங்கள் முதுகைப் பார்த்தும், திருகு வலக்கைப் பக்கமும் இருக்க வேண்டும்.

பிசிடி தானாக ஊதிக்கொள்கிறது

இது தண்ணீரில் நடந்தால் யோசிக்க நேரமில்லை. இன்ஃப்ளேட்டரில் (பிசிடியில் காற்று நிரப்பும் பட்டன் உள்ள பகுதி) செருகிய ஹோஸைப் பிடுங்குங்கள், அதே நேரம் காற்றை வெளியே விடுங்கள். பிறகு வாயால் ஊதிச் சமாளித்து மேலே வந்துவிடலாம். இதை மொட்டைமாடியில் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை செய்து பழகுங்கள். கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் உப்பு. பட்டனுக்குள் இருக்கும் சின்ன வால்வில், சைக்கிள் டியூப் வால்வுக்குள் இருப்பது மாதிரி, உப்புப் படிகம் உட்கார்ந்து மூட விடாது. பட்டனை அழுத்தும்போது கரகரவென்று உணர்ந்தாலே சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும்.

வாங்கும்போது பிசிடியை முழுக்க ஊதி மாட்டிப் பாருங்கள். ஊதிய நிலையில் மார்பு நெரிபடக் கூடாது, மூச்சு தாராளமாக வர வேண்டும். ஊதாத நிலையில் தோளைவிட்டு மேலே ஏறக் கூடாது. நம் பையன்கள் பலர் மெலிந்த உடம்பு, வாடகை பிசிடி காதுவரை வரும். சொந்தமாக வாங்குவதில் முதல் மாஸ்க், இரண்டாவது இது என்று நான் சொல்வது அதனால்தான்.

தாடை வலித்தால் மவுத்பீஸ் பெரிது, சின்னது மாட்டலாம். ஹோஸ் தலையை வலப்பக்கம் இழுத்தால் நீளமான ஹோஸ். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) உங்கள் காலுக்கு விறைப்பு அதிகம். வெறுங்காலில் நடந்து அகன்ற பாதம் உள்ளவர்கள் பூட்ஸோடு போடும் திறந்த குதிகால் ஃபின் எடுங்கள்.

காற்றில் எண்ணெய் வாசனை, அல்லது ஏறியதும் தலைவலி

இதற்குச் சரிசெய்வது கிடையாது. அந்தச் சிலிண்டரை ஓரமாக வையுங்கள். வாசனை என்றால் டைவே வேண்டாம். தலைவலி தரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை, ஆனால் அதோடு வரும் எண்ணெய்ப் புகைக்கு உண்டு. கம்ப்ரஸர் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று கண்ணால் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகையை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு புகைபோக்கிக்கு அருகில், அல்லது படகு எஞ்சினுக்கு அருகில் இழுக்கும் வாய் இருந்தால் அந்தக் காற்று வேண்டாம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் பத்து பார் பக்கம்தான் கொடுக்கும், அதிலும் எண்ணெய் கலந்திருக்கும்.

வீட்டில் எல்லோரும் "ஆக்சிஜன் சிலிண்டர்" என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. சுத்த ஆக்சிஜனோடு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரி சிலிண்டரில் காற்று அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வலை மாட்டிக்கொண்டது

நம் பக்கம் அறுந்து கிடக்கும் தங்கூசி வலை கண்ணுக்கே தெரியாது. காலில் கட்டும் பெரிய கத்தி அதிலேயே மாட்டும். மார்புப் பட்டையில் இரண்டு கைக்கும் எட்டுகிற மாதிரி சின்ன லைன் கட்டர் வையுங்கள். தொங்கும் கேஜையும் ஆக்டோபஸையும் (உபரி மவுத்பீஸ்) கிளிப் போட்டு உடம்போடு ஒட்டி வைத்தாலே பாதிச் சிக்கல் வராது. மீனவர் விரித்திருக்கும் வலையாக இருந்தால் தேவையான கண்ணியை மட்டும் அறுங்கள். அது ஒரு குடும்பத்தின் மாதச் சம்பாத்தியம்.

எல்லாம் சரியாகக் கழுவியும் உப்புப் பூக்கிறது

போர் தண்ணீரில் கழுவியிருப்பீர்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்பு. மெட்ரோ தண்ணீரில் ஊறவையுங்கள். 2010-ல் மீஞ்சூரில் கடல்நீரை நன்னீராக்கி வடசென்னைக்குக் கொடுக்கும் ஆலை வந்தது. கடலிலிருந்தே வந்த தண்ணீரும் நம் கிட்டின் உப்பை எடுத்திருக்கிறது.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைத் துடைத்து உலர்த்தி மாட்டிய பிறகே டிரம்மில் இறக்குங்கள். ஊறும்போது பர்ஜ் பட்டனைத் தொடாதீர்கள், தொட்டால் ஹோஸ் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பிசிடிக்குள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி, குலுக்கி, வடியுங்கள். வெயிலில் வேண்டாம், நிழலில் தொங்கவிடுங்கள். டிரம்மில் மிஞ்சும் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றாமல் படிக்கட்டு கழுவ எடுத்துக்கொள்ளுங்கள்.